வழித்தடப் பட்டியலில் ஊர் பெயர் வந்தால் நிலம் போய்விடுமா?

நீங்கள் எழுதியிருப்பது இது: உங்கள் ஊர் யானை வழித்தட வரைவுப் பட்டியலில் வந்திருக்கிறது. வனத்துறை, எஸ்டேட்காரர்கள், விவசாயிகள் எல்லாரையும் உட்காரவைத்துக் கூட்டாகத் திட்டம் போடப் போவதாகச் சொல்கிறார்கள். அப்படிப் போட்ட திட்டம் எங்காவது உருப்படியாக நடந்திருக்கிறதா என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் "எனக்கு மூன்று ஏக்கர் பட்டா நிலம் இருக்கிறது, வாழை போட்டிருக்கிறேன்" என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறீர்கள். நிஜமான கேள்வி அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கூட்டத்துக்குப் போனால் நிலத்தைக் காப்பாற்றிக்கொள்ள வழி கிடைக்குமா, இல்லை வருகைப் பதிவேட்டில் போடும் கையெழுத்தே நாளைக்கு "இவரும் ஒப்புக்கொண்டார்" என்று ஆகிவிடுமா? இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். நான் படித்தது வனவிலங்கு உயிரியல். நீலகிரி, ஆனைமலை அடிவார ஊர்களில் யானை நடமாட்டத்தை வரைபடமாக்கும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். வழக்கறிஞர் இல்லை. அதனால் சட்டம் பற்றிச் சொல்வதை மட்டும் ஒரு நல்ல சிவில் வக்கீலிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம். யானை நடமாடும் இடமெல்லாம் வழித்தடம் ஆகாது. இரண்டு பெரிய காடுகளுக்கு நடுவில், வேறு பாதை இல்லாத குறுகலான கழுத்துப் பகுதிதான் வழித்தடம். நீலகிரி மாவட்டத்தில் மசினகுடியைச் சுற்றியுள்ள சீகூர்ப் பகுதியைப் பாருங்கள். ஒரு பக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்கு செங்குத்தாக இறங்குகிறது. மறுபக்கம் நீலகிரி மலைச்சரிவு சுவர் மாதிரி நிற்கிறது. அவ்வளவு செங்குத்தில் யானை ஏறி இறங்காது. ஆகவே மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டிலிருந்து சத்தியமங்கலம் பக்கம், கிழக்குத் தொடர்ச்சி மலை நோக்கிப் போகவேண்டிய யானைக் கூட்டத்துக்கு மசினகுடி, பொக்காபுரம், வாழைத்தோட்டம் இருக்கும் அந்தச் சமவெளிப் பட்டைதான் வழி. முதுமலையில் யானைகளுக்கு ரேடியோ காலர் (இருக்கும் இடத்தைக் காட்டும் கழுத்துப்பட்டை) மாட்டி யானை ஆய்வாளர் அஜய் தேசாய் செய்த ஆய்வில், ஒரு பெண்யானைக் கூட்டத்தின் வாழிடம் 500 சதுர கிலோமீட்டருக்கும் மேல் விரிவது தெரிந்தது. எந்த ஒரு சரணாலயமும் தனியாக அதைத் தாங்காது. கூட்டத்தை நடத்துவது வயதான பெண்யானை. கோடையில் எந்த ஓடையில் தண்ணீர் நிற்கும் என்பதை அது தன் தாயோடு நடந்து கற்றது. அதனால் "வேலி போட்டால் யானை வேற வழியில போயிடும்" என்று டீக்கடையில் சொல்வது பாதிதான் சரி. அகலமான காட்டில் சுற்றிப் போகும். கழுத்துப் பகுதியில் சுற்றிப் போக இடம் கிடையாது. அங்கே அடைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்துக்குள்தான் இறங்கும்.

அடுத்து சட்டம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் "யானை வழித்தடம்" என்று தனியாக ஒரு வகை கிடையாது. பட்டியல்கள் பல உண்டு. வைல்ட்லைஃப் டிரஸ்ட் ஆஃப் இந்தியா என்ற தன்னார்வ அமைப்பு 2017-இல் நாடு முழுக்க 101 வழித்தடங்களைப் பட்டியலிட்டது. 2023-இல் மத்திய அரசின் அறிக்கை 150 என்றது. 2024-இல் தமிழ்நாட்டு வனத்துறையின் வரைவறிக்கை நம் மாநிலத்துக்கு மட்டும் 42 என்றது. எண்கள் ஒத்துப்போகாததற்கு யானை பெருகியது காரணமில்லை, எதை வழித்தடம் என்று எண்ணுவது என்ற அளவுகோல் ஒவ்வொரு அறிக்கையிலும் வேறு. இப்படி ஒரு பட்டியலில் பெயர் வந்ததாலேயே பட்டா ரத்தாகிவிடாது. அரசாணை, அறிவிக்கை, அதில் சர்வே எண்கள் என்று வரும்போதுதான் கவலைப்பட வேண்டும்.

அப்படிக் கவலைப்பட வேண்டிய கட்டம் சீகூரில் வந்தது. 2010 ஆகஸ்ட் 31 அன்று தமிழக அரசு அந்த வழித்தடத்தை அரசாணை போட்டு அறிவித்தது. 2011 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி விடுதிகளுக்கு சீல் வைக்கத் தொடங்கினார்கள். 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றம் அரசாணை செல்லும் என்று இறுதியாகச் சொல்லி, தனித்தனி ஆட்சேபங்களைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதி கே. வெங்கட்ராமன் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அந்தக் குழுவிடம் ஒப்படைத்த வேலைகளில் ஒன்றைக் கவனியுங்கள். வழித்தடத்தின் ஏக்கர் கணக்கு ஓர் ஆவணத்துக்கும் இன்னொன்றுக்கும் ஏன் மாறுகிறது என்ற புகாரை ஆராய்வது. பத்து வருட வழக்குக்கு அப்புறமும் மிஞ்சியிருந்தது "எந்தச் சர்வே எண் உள்ளே, எது வெளியே" என்ற கேள்விதான். யானை வருகிறதா என்பதில் அங்கே பெரிய சண்டை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கோடு எங்கே விழுகிறது, கோட்டுக்குள் இருக்கும் குடிசைக்கும் சொகுசு விடுதிக்கும் ஒரே நியாயமா என்பதில்தான் சண்டை. விடுதிகளை மூடியது சரி என்பதுதான் என் கருத்து. 2021 ஜனவரியில் மசினகுடியில் எரியும் டயரை எறிந்ததில் ஒரு யானை செத்தது நினைவிருக்கலாம். அப்படிப்பட்ட இடத்தில் பேச்சுவார்த்தை மட்டும் போதாது. ஆனால் அதே வரைபடத்தை 2010-க்கு முன்பே ஊர்க்காரர்களோடு நடந்து வரைந்திருந்தால், சிறு விவசாயிகளும் பழங்குடிக் குடும்பங்களும் விடுதி முதலாளிகளோடு ஒரே பக்கம் நிற்க வேண்டியிருந்திருக்காது.

சரி, கூட்டுத் திட்டம் பலித்த இடம்? எனக்குத் தெரிந்து நன்றாக நடந்தது வால்பாறை. சுமார் 220 சதுர கிலோமீட்டர் தேயிலைப் பீடபூமி, சுற்றிலும் ஆனைமலை, பறம்பிக்குளம், வாழச்சால் காடுகள். வருடத்துக்கு நூறு யானைகள் அளவில் வந்து போகும் இடம். 1994 தொடங்கி இருபது வருடங்களில் ஏறத்தாழ 40 பேர் அங்கே யானை தாக்கி இறந்தார்கள். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற வனவிலங்கு ஆய்வு அமைப்பைச் சேர்ந்த ஆனந்தகுமாரும் அவர் குழுவும் ஒவ்வொரு இறப்பாக எடுத்துப் பார்த்தபோது தெரிந்தது, பெரும்பாலானவர்கள் பக்கத்தில் யானை நிற்பதே தெரியாமல் போய் மாட்டியவர்கள். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி லயன் வீட்டுக்கு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) நடந்து போனவர்கள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே இருட்டில் என்ன தெரியும்? ஆக, சண்டையைக் குறைக்க முதலில் தேவைப்பட்டது தகவல். உள்ளூர் கேபிள் டிவியில் "இன்று இந்த டிவிஷனில் (எஸ்டேட் பிரிவு) யானை" என்று ஓடும் எழுத்து, அப்புறம் கைபேசிக்குக் குறுஞ்செய்தி, அப்புறம் சாலையோரம் உயரத்தில் மாட்டிய சிவப்பு விளக்கு. ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் யானை இருந்தால் விளக்கு மின்னும். அதைக் கைபேசியிலிருந்தே போடலாம், அந்தந்த இடத்து ஆட்களுக்கும் அந்தப் பொறுப்பைக் கொடுத்தார்கள். உயிரிழப்பு வெகுவாகக் குறைந்தது. 2015-இல் ஆனந்தகுமாருக்கு இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது இந்த வேலைக்குத்தான்.

வால்பாறையில் வெளியே அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. பகலில் யானைகள் எங்கே நிற்கின்றன என்று பார்த்தால், நடு ஆறு, சோலையாறு கரையோர மரப்பட்டைகளிலும் எஸ்டேட்டுக்குள் மிஞ்சிய சோலைத் துண்டுகளிலும்தான். அந்தக் கரை மரங்களை வெட்டாமல் விட்டால் யானை அங்கேயே நிற்கும், லயன் பக்கம் வருவது குறையும். இதற்கு நிலத்தை யாரும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. எஸ்டேட் நிர்வாகம் ஆற்றோரத்தில் மரத்தை வெட்டாமல் இருந்தாலே போதும், விட்டுப்போன இடத்தில் சொந்த மண்ணின் மரத்தை நட்டால் இன்னும் நல்லது. அதே ஊரில் புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்க மரத்துக்கு மரம் குழாய்ப் பாலம் கட்டியிருக்கிறார்கள். வழித்தடம் என்றால் யானைக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆனால் வால்பாறையை அப்படியே தூக்கி உங்கள் ஊரில் வைக்க முடியாது. அங்கே நிலம் பெரும்பாலும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில கம்பெனிகளின் கையில் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு மேலாளர்கள் ஒப்புக்கொண்டால் ஒரு பீடபூமியே ஒப்புக்கொண்ட மாதிரி. நீலகிரியின் கூடலூரில் ஆயிரக்கணக்கான சிறு உடைமைக்காரர்கள். அதிலும் பலர் 1969-ஆம் ஆண்டு ஜென்ம ஒழிப்புச் சட்டத்தின் (ஜென்மிகளின் பழைய நில உரிமையை ஒழித்த சட்டம்) 17-ஆம் பிரிவில் சிக்கிய நிலத்தில், பட்டாவே இல்லாமல் தலைமுறையாக இருப்பவர்கள். நிலம் தன்னுடையதா என்றே தெரியாதவரிடம் "வழித்தடத்துக்கு ஒத்துழையுங்கள்" என்றால் அவர் காதில் "காலி செய்யுங்கள்" என்றுதான் விழும். 2024 வரைவறிக்கை வந்தபோது கூடலூரில் அவ்வளவு எதிர்ப்பு கிளம்பியதற்கு இது முக்கியக் காரணம். அறிக்கை ஆங்கிலத்தில் இருந்ததும், கருத்துச் சொல்லக் கொடுத்த அவகாசம் மிகக் குறைவாக இருந்ததும் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றின. உங்கள் நிலத்துக்குப் பட்டா இருக்கிறது என்கிறீர்கள், அந்த மட்டில் நீங்கள் பேசும் இடம் வலுவானது.

மூன்றாவது வகை வயநாட்டில் திருநெல்லி - குதிரக்கோடு. அங்கே கழுத்துப் பகுதிக்குள்ளேயே சின்னச் சின்னக் குடியிருப்புகள் இருந்தன. பயிரும் மிஞ்சவில்லை, இரவில் தூக்கமும் இல்லை. வைல்ட்லைஃப் டிரஸ்ட் ஆஃப் இந்தியா ஒவ்வொரு குடும்பமாகப் பேசி, விருப்பப்பட்டவர்களுக்கு வெளியே வீடும் நிலமும் ஏற்பாடு செய்து, ஏறத்தாழ 25 ஏக்கரை வாங்கிக் கேரள அரசிடம் ஒப்படைத்தது. கேட்கச் சின்ன அளவுதான். அதற்கே வருடங்கள் பிடித்தன. அவசரப்படாததால்தான் அது நடந்தது என்று நினைக்கிறேன்.

என் அனுபவத்தில் நான் வந்து சேர்ந்த முடிவு இதுதான். கூட்டுத் திட்டம் எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரி மருந்தில்லை. யானையும் மனிதனும் ஒரே நிலத்தை வெவ்வேறு நேரத்தில் பயன்படுத்தும் அகலமான இடத்தில் வால்பாறை மாதிரி ஏற்பாடு போதும், யாரும் எங்கேயும் போக வேண்டாம். சில நூறு மீட்டர் அகலமே உள்ள கழுத்தில், அதுவும் நடுவில் கட்டடமோ வேலியோ வந்துவிட்டால், விலை கொடுத்து வாங்குவதோ சட்டமோ இல்லாமல் தீராது. உங்கள் மூன்று ஏக்கர் இந்த இரண்டில் எதில் இருக்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். இதை அலுவலகத்தில் உட்கார்ந்து சேட்டிலைட் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

எப்படிக் கண்டுபிடிப்பது? நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். சத்துணவுக் கூடத் தரையில் ஊர் வரைபடத்தை விரித்துவிடுவோம். வீடு, ஓடை, கோயில், தண்ணீர்த் தொட்டி, ரேஷன் கடை எல்லாம் முதலில் ஊர்க்காரர்களே குறிப்பார்கள். தலைவரையும் பெரிய விவசாயிகளையும் விட்டுவிட்டு, ஆடு மாடு மேய்ப்பவர்களிடம் முதலில் கேட்போம். யானை எந்த மாதம் வருகிறது, மாலையிலா விடியலிலா, குட்டியோடு கூட்டமா தனியாக வரும் கொம்பனா (தந்தமுள்ள ஆண்யானை), தண்ணிக்கு வருகிறதா தீனிக்கா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். கூட்டம் கடந்து போகும் பாதையும், ஒற்றை ஆண்யானை வாழைக்கு இறங்கும் பாதையும் பல ஊர்களில் வேறு வேறு. முதலாவது வழித்தடம். இரண்டாவது நாம் வைக்கும் பயிரால் உண்டான வழக்கம், பயிரையோ காவலையோ மாற்றினால் அதுவும் மாறலாம். கோவை தடாகம் பள்ளத்தாக்கில் செங்கல் சூளைகளில் எரிக்க அடுக்கி வைத்திருந்த பனைமரத் துண்டுகளைத் தின்னவே யானைகள் வந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்து அங்கே ஒரு வழித்தடக் கோடு போட்டால் எவ்வளவு தப்பாக இருக்கும்!

பேச்சு முடிந்ததும் எல்லாரும் எழுந்து நடக்க வேண்டும். ஆள் உயரத்துக்கு மேலே காய்ந்த சேறு அப்பியிருக்கும் மரம், உரசி உரசி வழவழப்பான பட்டை, ஓடைக்கரை சரிந்து படிபோல ஆன இடம், புது லத்தி (யானைச் சாணம்), பழைய லத்தி. பத்துப் பதினைந்து வருடமாக ஒரே இடத்தில் கரை சரிந்திருந்தால் அதை யாரும் மறுக்க முடியாது. ஒரு ஊரில் வரைபடத்தில் தார்ச்சாலையோரம் கோடு போயிருந்தது. "யானை எப்போ சார் ரோட்ல நடந்துச்சு, எங்க காலனிக்குப் பின்னாடி இருக்கிற பள்ளத்துலதான் போகும்" என்று ஒரு அம்மா கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கோடு நகர்ந்ததில் சில குடும்பங்களின் நிலம் வெளியே வந்தது. இன்னும் சிலருடையது உள்ளே போனது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர்கள் அன்றைக்கு எங்களோடு பேசவில்லை.

இனிச் சந்தேகத்துக்குரியவை. சோலார் வேலி நல்ல பராமரிப்பில் இருக்கும்வரை பயிரைக் காக்கும், ஆனால் ஊருக்கு ஊர் முடிவு மாறுகிறது. கொம்பன்கள் தந்தத்தாலோ மரத்தைச் சாய்த்தோ கம்பியை இறக்கக் கற்றுக்கொள்கின்றன. அகழியும் இரண்டு மழைக்காலம் தாங்கினால் அதிகம். தேனீப் பெட்டி வேலி ஆப்பிரிக்காவில் நன்றாக வேலை செய்தது என்பார்கள், நம் ஊர்த் தேனீக்களின் குணம் வேறு, அதனால் அதே பலனை எதிர்பார்க்கக் கூடாது. தடையை நீக்கிய இடத்துக்கு யானை உடனே திரும்புமா என்பதிலும் உறுதி கிடையாது. சீகூர்ப் பக்கம் சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் மண்டிய இடத்தில் கட்டடத்தை மட்டும் எடுத்தால் போதாது. தண்டவாள விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நம்பிக்கையோடு பேசலாம். 2021 நவம்பரில் நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் செத்தன. 2024-இல் மதுக்கரை வனச்சரகத்தில் கேமராவும் செயற்கை நுண்ணறிவும் வைத்து ரயில்வேக்கு முன்னெச்சரிக்கை தரும் ஏற்பாடு வந்தது. இரண்டு துறைகள் ஒரே திரையைப் பார்க்க ஒப்புக்கொண்டதே பெரிய விஷயம்.

இப்போது உங்கள் கூட்டத்துக்கு வருவோம். கண்டிப்பாகப் போங்கள். போகாதவர் நிலத்தைப் பற்றிப் போனவர்கள் முடிவெடுப்பார்கள். மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். வரைபடத்தைச் சர்வே எண்ணோடு தமிழில் கொடுப்பீர்களா? என் சர்வே எண்ணில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது? விவசாயம் தொடரலாமா, வீட்டைப் பெரிதாக்கலாமா, மகனுக்குப் பாகம் பிரிக்கலாமா, கிணறு வெட்டலாமா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். "வாழ்வாதாரம் பாதிக்கப்படாது" என்ற பதிலை ஏற்காதீர்கள், அதற்கு எந்த அர்த்தமும் கிடையாது. மூன்றாவது, இதை எந்தச் சட்டப் பிரிவின் கீழ் அறிவிக்கப் போகிறீர்கள்?

மூன்றாவது கேள்வியில்தான் உங்கள் பயத்துக்கான பதில் இருக்கிறது. வனவிலங்குச் சட்டத்தின் 36-ஏ பிரிவின்படி, இரண்டு பாதுகாக்கப்பட்ட பகுதிகளை (சரணாலயம், தேசியப் பூங்கா போன்றவை) இணைக்கும் அரசு நிலத்தைப் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கலாம். உள்ளூர் மக்களைக் கலந்தாலோசித்த பிறகுதான் அறிவிக்க முடியும். ஆலோசனைக் குழுவில் அந்தப் பகுதியின் ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஒரு பிரதிநிதி உண்டு. நாட்டிலேயே முதலாவதாக 2005-இல் இப்படி அறிவிக்கப்பட்டது நம் தாமிரபரணிக்கரைத் திருப்புடைமருதூர் பறவைகளுக்காக. இந்தப் பிரிவு அரசு நிலத்துக்குத்தான், உங்கள் பட்டாவுக்கு இல்லை. தனியார் நிலத்துக்கு 36-சி இருக்கிறது, சமுதாயக் காப்பகம். உரிமையாளரே முன்வந்தால்தான் அது நடக்கும். நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும். ஆனால் ஒன்று, ஒருமுறை அறிவித்துவிட்டால் நிலப் பயன்பாட்டை மாற்றக் குழுவின் தீர்மானமும் அரசின் ஒப்புதலும் வேண்டும். வாழையை விட்டு வேறு பயிருக்கு மாறுவதுகூட அதில் வருமா என்று வக்கீலிடம் கேளுங்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதால் இந்த இரண்டும் நடந்துவிடாது. இருந்தாலும் பெயருக்குப் பக்கத்தில் "கருத்து எழுத்தில் தனியே தரப்படும்" என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், மனுவின் நகலில் ரேஞ்சர் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். கிராம சபையில் அதையே தீர்மானமாகப் போட முடிந்தால் இன்னும் நல்லது.

ஒன்றை மட்டும் கூட்டத்துக்கு முன்பே செய்துவிடாதீர்கள். பட்டியலில் பெயர் வந்த பதற்றத்தில் எல்லையைச் சுற்றி மின்வேலி இழுக்க வேண்டாம். 2023 முதல் தமிழ்நாட்டில் சோலார் வேலிக்கும் பதிவு, அனுமதி விதிகள் இருக்கின்றன. மின் இணைப்பிலிருந்து நேராக மின்சாரத்தைக் கம்பியில் விட்டு யானை செத்தால் குற்ற வழக்கு உங்கள் மேல் வரும். அப்புறம் சர்வே எண், பட்டா, கிராம சபை என்று எதைப் பேசினாலும் யாரும் கேட்க மாட்டார்கள். உங்கள் ஊர் எந்த வனக்கோட்டம், நிலத்துக்கும் பக்கத்து ஓடைக்கும் எவ்வளவு தூரம், வருவது கூட்டமா ஒற்றையா என்று எழுதினால் இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன்.